மறுகா என்று சொன்னவன்

எங்கள் பக்கத்தில் ‘பிறகு’ என்று யாரும் கதைப்பதில்லை. ‘மறுகா’ என்போம். மறுகா வாறன், மறுகா தாறன், மறுகா பார்ப்பம். கல்முனை பஸ் நிலையத்தில் சும்மா நின்று காது கொடுத்தாலே போதும், அரை மணித்தியாலத்துக்குள் ஒரு கூடை மறுகா சேர்ந்துவிடும். அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிற ஒரே ஒரு மனுசியைத்தான் நான் கண்டிருக்கிறேன். அவருடைய பெயரை எழுத மாட்டேன். எழுத எனக்கு முகமில்லை. இல்லத்துப் பிள்ளைகள் அவரைச் ‘சாச்சி’ என்று கூப்பிட்டார்கள், உம்மாவின் தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி. வயதில் எனக்கு இளையவர்தான். இருந்தாலும் நானும் அப்படியே எழுதுகிறேன்.

இல்லம் என்றால் பெண்பிள்ளைகள் இல்லம். தாய் தகப்பன் இல்லாத, அல்லது இருந்தும் வைத்துப் பார்க்க வழியில்லாத பிள்ளைகளை நீதிமன்றத்தின் உத்தரவோடு அரசாங்கத்தின் நன்னடத்தைக் கந்தோர் எங்களிடம் அனுப்பும். ஊரில் உள்ள பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு சபை வைத்து அதை நடத்தினார்கள். நான் அங்கே நிர்வாகச் செயலாளர். பெயர்தான் நீளம். கடிதம் எழுதுவது, கறண்ட் பில் கட்டுவது, வருகிறவருக்குக் கதிரை போடுவது, இவ்வளவுதான் வேலை. ஆனால் கடிதம் எழுதுவதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. நான் எழுதிய கடிதத்தில் ஒரு சொல்லைக் கிளப்பிவிட்டு இன்னொரு சொல்லை வைக்க யாராலும் முடியாது என்று சபைத் தலைவரே நாலு பேர் முன்னால் சொல்லுவார். அந்தக் கர்வத்தில் மண் விழ.

சாச்சி அங்கே பிள்ளைகளைப் பராமரிக்கிற வேலைக்கு வந்தவர். ஒரு பிள்ளை கூப்பிட்டால் கையில் இருக்கிறதை அப்படியே போட்டுவிட்டுத் திரும்புவார். தலை கடிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், சாச்சி சோறு தின்றுகொண்டிருந்தாலும் பீங்கானை மூடி வைத்துவிட்டுக் கையைக் கழுவி ஈர்ச் சீப்பை எடுத்துவிடுவார். ஒருநாள் புதிதாக வந்த ஒரு பிள்ளை, வந்து நாலைந்து நாளாக வாயே திறக்காத பிள்ளை, குசினி வாசலில் வந்து நின்று “உம்மாக்கு கோல் எடுக்கணும்” என்றது. அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. சாச்சி அடுப்பை அணைக்கக்கூட நிற்கவில்லை. பிள்ளையைக் கையில் பிடித்து என் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு வந்து போனைக் கேட்டார். அன்று பகல் எல்லோரும் கரிந்த மீன்தான் தின்றோம். நான் முணுமுணுத்தேன்.

“மீன் கரிஞ்சா வேற மீன் வாங்கலாம் சேர். அந்தப் புள்ள ஒருக்காத்தான் கேக்கும். இப்ப மறுகா எண்டு சொன்னா, இனி வாயே திறக்காது” என்றார்.

எனக்கும் அவருக்கும் முதல் சண்டை ஒரு கொண்டியில் வந்தது. பிள்ளைகளின் குளியலறைக் கதவில் உள்பக்கம் போடுகிற கொண்டி கழன்று விழுந்திருந்தது. புதியது வாங்க வேண்டுமென்றால் மூன்று கடையில் விலை கேட்டு, சபையில் வைத்து, கையொப்பம் எடுக்க வேண்டும். நான் மறுகா பார்ப்போம் என்றேன். சாச்சி இரண்டு நாள் பிள்ளைகள் குளிக்கிற நேரமெல்லாம் அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு வாங்குப் பலகையைப் போட்டுக் காவல் இருந்தார். மூன்றாம் நாள் நான் என் கந்தோர்க் கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன், கொண்டியைக் காணோம். மூன்று ஆணித் துவாரம் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கழற்றிக்கொண்டு போய் அங்கே பூட்டிவிட்டார். அந்தக் கிழமை முழுக்க நான் ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். வாசலால் போகிற பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் உள்ளே கேட்கும்.

கிழமைக் கடைசியில் “என்ன புள்ள இது?” என்று கேட்டதற்கு, “உங்களுக்கு மறுகா வாங்கலாம் சேர், நீங்க பெரியாள்தானே” என்றார்.

கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. மறுநாளே மூன்று கடையும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று நானே போய் ஒரு கொண்டி வாங்கி வந்தேன்.

இன்னொன்று சொல்லுவார். “மறுகா எண்டு சொல்றத விட இல்ல எண்டு சொல்லுங்க சேர். இல்ல எண்டா நான் வேற வழி பார்ப்பன். மறுகா எண்டா அந்த இடத்திலயே நிண்டுகொண்டு இரிப்பன்” என்பார். நான் அதை ஒரு பகிடி மாதிரி எடுத்துக்கொண்டேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்ல வேண்டும்.

இல்லத்தில் சாச்சிக்கு மேலே ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். வயதானவர், தலைவரின் மதினி, பிள்ளைகளுக்குப் ‘பெரிய மாமி’. கண்டிப்பானவர் என்று பெயர். அன்று பகல் பத்து மணிபோல சாச்சி ஒரு சின்னப் பிள்ளைக்குச் சட்டை மாற்றும்போது தோளுக்குக் கீழே சுட்ட அடையாளத்தைக் கண்டிருக்கிறார். கரண்டிக் காம்பின் அளவு. பிள்ளையிடம் கேட்டதில், பாயை நனைத்ததற்குப் பெரிய மாமி சுட்டது என்று சொல்லியிருக்கிறது. சாச்சி நேரே என்னிடம் வந்தார். கண்டதை அப்படியே சொன்னார்.

நான் என்ன செய்தேன்? வேலைக்கு உதவாத எல்லாவற்றையும் செய்தேன். “இண்டைக்கு வெள்ளிக்கிழம. ஜும்ஆ முடியட்டும். மறுகா தலைவருக்கு ஒரு அறிக்கை எழுதுவம். சபை கூடி ஒரு முடிவு எடுக்கும்” என்றேன். வெளியாருக்குச் சொல்லிவிட்டால் இல்லத்தின் பெயர் கெடும், இல்லத்தை மூடினால் மற்றப் பிள்ளைகள் எங்கே போகும் என்றும் சொன்னேன். நியாயம் மாதிரித்தான் இருந்தது. கோழைக்கு எப்போதும் ஒரு நல்ல நியாயம் கைவசம் இருக்கும்.

“நீங்க அறிக்கைய எழுதுங்க சேர். நான் கோல் எடுக்கிறன்” என்றார் சாச்சி.

பிரதேச செயலகத்தில் நடந்த பயிற்சிக்கு எங்கள் இல்லத்திலிருந்து போனவர் அவர்தான். பிள்ளைக்குத் துன்பம் நடந்தது என்று தெரிந்தால் உடனே அறிவிக்க வேண்டும், விசாரிக்கிறது அறிவிக்கிறவரின் வேலை இல்லை என்று அங்கே சொல்லிக் கொடுத்ததை எனக்கே ஒருமுறை ஒப்புவித்திருந்தார். நான் பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்பி வருகிறேன், முற்றத்தில் நன்னடத்தைக் கந்தோர் வாகனம் நிற்கிறது. வந்த உத்தியோகத்தர் திருக்கோவில் பக்கத்துத் தமிழ்ப் பெண். பிள்ளைகள் எல்லோரும் ‘மிஸ்’ என்பார்கள். மிஸ் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் பொலிஸ் வந்தது, டாக்டரிடம் காட்டினார்கள், வழக்கும் பதிவானது. மதினி இல்லத்தை விட்டுப் போக வேண்டி வந்தது. அதற்குப் பிறகு மிஸ் மாதா மாதம் சொல்லாமல் வருவார். எங்கள் இல்லத்தில் அன்றிலிருந்து ஒரு பிள்ளையின் மேலும் யாரும் கை வைத்ததில்லை. அது சாச்சி செய்த வேலை. ஜும்ஆ முடியட்டும் என்றவன் செய்த வேலை அல்ல.

சபை கொதித்தது. “வீட்டுக் கதைய ரோட்டுக்குக் கொண்டு போய்ட்டா” என்றார் தலைவர். சாச்சியை உடனே வேலையால் நிறுத்திவிடத்தான் நினைத்தார். தலைவருக்கு வேண்டப்பட்ட ஒரு லோயர் இருந்தார். அவர்தான் தடுத்தார். முறைப்பாடு செய்ததற்காக நிறுத்தினால் பழிவாங்கல் என்று சட்டம் நம்மைப் பிடிக்கும், கொஞ்சம் பொறுங்கள், ஏதாவது ஒரு காரணம் தானாக வரும் என்றார்.

காரணம் மூன்று மாதத்துக்குள் வந்தது. அப்படி வந்த காரணத்தைக் காரணம் என்று எழுதவே எனக்குக் கை கூசுகிறது. சாச்சியின் கணவர் நெல் வெட்டுகிற மெஷின் ஓட்டுகிறவர். வரிப்பத்தான்சேனைப் பக்கம் வேளாண்மை வெட்டப் போன இடத்தில் மெஷின் வாய்க்காலுக்குள் புரண்டு மௌத்தாகிப் போனார். மையத்து வீட்டுக்கு நாங்கள் எல்லோரும் போனோம். தலைவரும் வந்தார், முன் வரிசையில் நின்று தொழுதார். சாச்சிக்கு ஒரே ஒரு மகள். அப்போது மூன்று வயது முடியவில்லை.

கணவன் மௌத்தானால் நான்கு மாதமும் பத்து நாளும் மனைவி வீட்டோடு இருப்பது எங்கள் மார்க்கம். இத்தா என்போம். அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற பெண்ணுக்கு இத்தாவுக்கென்று சம்பளத்தோடு லீவு இருக்கிறது. என் ராத்தா, மூத்த சகோதரி, ஒரு டீச்சர். மச்சான் மௌத்தான நேரம் அவருடைய லீவுப் பத்திரத்தை நிரப்பிக் கல்விக் கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். எங்கள் இல்லம் மாதிரித் தனியார் நடத்துகிற இடத்தில் வேலை செய்கிறவளுக்கு அப்படி ஒரு லீவு எழுத்தில் இல்லை. ஒரே ஊர், ஒரே மார்க்கம், ஒரே துக்கம். ஒருத்திக்குச் சம்பளம் வரும், ஒருத்திக்கு வராது. சாச்சி சம்பளம்கூடக் கேட்கவில்லை. இத்தா முடிந்ததும் வேலைக்கு வருகிறேன், அதுவரை சம்பளமில்லாத லீவு தாருங்கள் என்று தன் தம்பியிடம் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார். கணவரை அடக்கிய மூன்றாம் நாளே அனுப்பியிருந்தார். அவருக்கு எதிலும் தாமதம் இல்லை.

சபை கூடியது. அத்தனை பேரும் முஸ்லிம்கள், ஐந்து நேரமும் தொழுகிறவர்கள். “வராத ஆளுக்கு என்ன செய்யிற?” என்று தலைவர் கேட்டார். இத்தா என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை. “நிப்பாட்டின எண்டு எழுதாதீங்க, அவவா விட்டுட்டுப் போன மாதிரி எழுதுங்க” என்றார் லோயர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேனையை எடுத்தேன்.

‘தங்கள் கடமைக்குச் சமுகமளிக்காமையினால், தாங்கள் தங்கள் பதவியைச் சுயவிருப்பின் பேரில் கைவிட்டவராகக் கருதப்படுகின்றீர்கள்.’

சுயவிருப்பு என்ற சொல்லை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அது என் சொல். லோயர் வாசித்துவிட்டு “ஆ, இதுதான்” என்றார். அந்த நேரம் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல வசனம் ஒன்று அமைந்துவிட்ட சந்தோசம். என்ன மனிசன் நான்.

அப்போது என் மகளுக்குக் கட்டிக்கொண்டிருந்த வீடு கூரை மட்டத்தில் நின்றது. எங்கள் ஊரில் பெண் கொடுப்பதென்றால் வீடும் கொடுக்க வேண்டும். வேலை போனால் வீடு நிற்கும், வீடு நின்றால் கலியாணம் நிற்கும். ஊரில் எத்தனையோ பேருக்குப் பாதி வீடு இருக்கிறது. அவர்கள் எல்லோரும் இப்படியா செய்தார்கள்?

கடிதத்தைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்கி வரும்படி தலைவர் சொன்னார். கூட்டம் முடிந்து நான் எழும்பும்போது லோயர் என்னைத் தனியே கூப்பிட்டார். “அவ லேபர் கந்தோருக்குப் போகக்கூடிய ஆள். வேலை போன நாளில இருந்து வழக்கு வைக்க ஒரு கெடு இரிக்கி. அது தாண்டும் மட்டும் கதைச்சுக் கதைச்சுக் கொண்டு போங்க. நீங்க சொன்னாத்தான் அவ கேப்பா” என்றார். அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாக விளங்கியது.

சாச்சியின் வீடு கடற்கரையிலிருந்து மூன்றாம் குறுக்கு. இத்தாவில் இருக்கிற பெண் அந்நிய ஆணுக்கு முன்னால் வருவதில்லை. அறை வாசலில் ஒரு பழைய சீலை தொங்கியது. நான் கூடத்துக் கதிரையில் இருந்தேன். சாச்சியின் உம்மா கடிதத்தை வாங்கிச் சீலைக்கு அந்தப் பக்கம் கொடுத்தார். சாச்சியின் மகள் என் சப்பாத்தை எடுத்துக் கையில் மாட்டி விளையாடிக்கொண்டிருந்தது. உள்ளே கடதாசி விரிகிற சத்தம் கேட்டது.

“சேர்” என்றார் சாச்சி. “நான் விட்டுட்டுப் போன எண்டு எழுதியிரிக்கி. நான் எங்க போன? இஞ்சதானே இரிக்கன்.”

“சபைட முடிவு தங்கச்சி” என்றேன்.

“தெரியும். நீங்க என்ன செய்யிற, அவங்க சொன்னா எழுதத்தானே வேணும்.” சீலைக்குக் கீழால் ஒரு கை வந்தது. கையொப்பம் வைத்த பிரதியை நீட்டியது. “நான் லேபர் கந்தோருக்கு இண்டைக்கே எழுதப் போறன் சேர். தம்பி பின்னேரம் வருவான். அவனிட்டக் குடுத்து விட்டாச் சரி. நாளைக்கு அங்க போயிரும்.”

அன்றைக்கே எழுதியிருந்தால் போதும். அவருடைய வேலை, அவருடைய மகளோடு அவர் இருக்கிற வாழ்க்கை, எல்லாம் அந்த ஒரு பின்னேரத்தில் நின்றது. நான் அங்கே பேசாமல் எழும்பி வந்திருந்தாலே போதும். அதைக்கூட நான் செய்யவில்லை.

“அவசரப்படாதீங்க தங்கச்சி” என்றேன். “இப்ப சண்டைக்குப் போனா அவங்க கதவ முழுசா மூடிருவாங்க. சபூர் செய்யுங்க. இத்தா முடியட்டும். மறுகா நானே தலைவரோட கதைச்சு உங்கள உள்ளுக்கு எடுக்கிறன். என்னை நம்புங்க.”

“மறுகாவா?” என்றார் சாச்சி. சிரித்தாரா, கோபப்பட்டாரா என்று சீலைக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். “வேற ஆரும் சொன்னா கேக்க மாட்டன். நீங்க சொல்றீங்க எண்டாச் சரி காக்கா.”

அதுவரை சேர் என்றுதான் கூப்பிட்டார். அன்றுதான் முதன்முதலாகக் காக்கா என்றார், கூடப்பிறந்த அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி.

நான்கு மாதமும் பத்து நாளும் போனது. இத்தா முடிந்த மறுநாள் காலையில் கோல் எடுத்தார். தலைவர் கொழும்புக்குப் போயிருக்கிறார், வரட்டும் என்றேன். பிறகு நோன்பு வந்தது. நோன்பு நாளில் இதைக் கதைத்தால் சரிவராது, பெருநாள் முடியட்டும் என்றேன். பெருநாள் முடிந்தது. ஹஜ்ஜுக்கு ஆட்கள் போகிற நேரம், சபை கூடவில்லை என்றேன். ஒவ்வொரு முறையும் “சரி காக்கா, நீங்க பாத்துக் கதைங்க” என்பார். இடையில் ஊரில் பெட்டிக் கடைக்கு அப்பம் சுட்டுக் கொடுத்து மகளைப் பார்த்துக்கொண்டார். நான் தலைவரிடம் இதைப் பற்றி ஒரு நாளும் கதைக்கவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தைகூட.

கடைசியில் யார் சொல்லியோ அவரே லேபர் கந்தோருக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்த உத்தியோகத்தர் கடிதத்தின் திகதியைப் பார்த்துவிட்டு, கெடு தாண்டிவிட்டது, இனி வழக்கு வைக்க ஏலாது என்று சொல்லியிருக்கிறார். ‘சுயவிருப்பின் பேரில் கைவிட்டவர்’ என்று எழுதியிருக்கிறதே, அதற்குக் கையொப்பமும் வைத்திருக்கிறீர்களே, இத்தனை நாளாக ஏன் ஒன்றும் எழுதவில்லை என்றும் கேட்டிருக்கிறார். அங்கிருந்து நேரே என் கந்தோருக்கு வந்தார். கறுப்பு அபாயா, கையில் அந்தக் கடிதம். பிள்ளைகள் கண்டுவிட்டார்கள். “சாச்சி, சாச்சி” என்று ஓடி வந்து இடுப்பில் தொங்கினார்கள். அவர்களை ஒவ்வொருவராகத் தடவிக் கொடுத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார். ஏசப் போகிறார் என்று இருந்தேன். ஏசியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

“கெடு ஒண்டு இரிந்திரிக்கி காக்கா. உங்களுக்கும் தெரியாமப் போச்சு போல. நீங்க எனக்காக அவங்களோட எவ்வளவு கதைச்சிருப்பீங்க. பரவால்ல. உங்கள்ல பிழை இல்ல” என்றார்.

என்னை ஆறுதல்படுத்த வந்திருக்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு மேசை லாச்சியைத் திறந்து எதையோ தேடினேன். லாச்சிக்குள் ஒன்றும் இல்லை.

பிறகு அவர் குவைத்துக்குப் போக வேண்டி வந்தது. சின்னப் பிள்ளை இருக்கிற தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போவதென்றால் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும். பிள்ளையை யார் பார்ப்பார்கள், எங்கே படுக்கும், யார் பாடசாலைக்குக் கொண்டுபோவார்கள் என்று வந்து விசாரிப்பார்கள். அதற்காக அலைந்த நாட்களில் ஒருமுறை பஸ் நிலையத்தில் கண்டேன். “ஆம்புள போனா ஒருத்தரும் கேக்கிறல்ல காக்கா, புள்ளய ஆரு பாக்கிற எண்டு” என்று சொன்னார். பிறகு தானே, “ஆனா கேக்கத்தான் வேணும். புள்ளட விசயம் இல்லையா” என்றும் சொன்னார். மகளைத் தன் உம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார்.

இரண்டு வருடத்துக்குள் அந்த உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்துவிட்டார். தம்பி கலியாணம் முடித்து வேறு ஊர். ஒருநாள் காலையில் மிஸ்ஸின் வாகனம் இல்லத்து முற்றத்தில் வந்து நின்றது. மிஸ் ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். நீதிமன்ற உத்தரவை என் மேசையில் வைத்தார்.

“தாயோட கதைச்சனான். வேற இல்லமும் இருக்கு எண்டு சொன்னன். வேண்டாம், இஞ்சதான் விடச் சொன்னவ” என்றார். “இஞ்ச இப்ப ஒரு பிள்ளையிலயும் ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்களாம். நீங்களும் இருக்கிறீங்களாம்.”

சேர்க்கிற பதிவேட்டை விரித்தேன். பெயர், வயது, பாடசாலை எல்லாம் எழுதினேன். ‘சேர்க்கப்படும் காரணம்’ என்று ஒரு நிரல் இருக்கிறது. அதில் வந்து பேனை நின்றது. மிஸ் பார்த்துக்கொண்டிருந்தார். ‘தாய் தொழில் நிமித்தம் வெளிநாட்டில்’ என்று எழுதினேன். அதுவும் நல்ல வசனம்தான், யாரும் ஒரு சொல்லை மாற்ற ஏலாது.

மகள் இப்போதும் இங்கேதான் இருக்கிறாள். தாய் மாதிரி இல்லை, அமைதியான பிள்ளை. எதையும் உடனே கேட்க மாட்டாள்.

போன வருடம் எனக்கும் மனைவிக்கும் மக்காவுக்கு உம்ரா செய்யப் போகக் கிடைத்தது. கட்டாரில் இருக்கிற மகன் அனுப்பி வைத்தான். புறப்படுமுன் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் பொருத்தம் தேடுவது எங்கள் வழக்கம். தெரிந்தும் தெரியாமலும் ஏதும் பிழை செய்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்போம். பொருந்திட்டன் என்று அவர்கள் சொல்லுவார்கள். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர் பொருந்தாமல் அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை என்று சின்ன வயதில் ஓதிப் படித்தவன் நான். மனைவி ஒரு கொப்பியில் பெயர்களை வரிசையாக எழுதித் தந்தாள். ஒவ்வொருவராகக் கோல் எடுத்தேன். குவைத் நம்பரைக் கடைசிக்கு விட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தார். “புள்ளைக்கு என்னவுமா காக்கா?” என்றார்.

பிள்ளை சுகம், பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்று சொன்னேன். உம்ராவுக்குப் போகிறேன் என்றேன். சந்தோசப்பட்டார். நான் எல்லோரிடமும் சொன்ன அதே வசனத்தைச் சொன்னேன். தெரிந்தும் தெரியாமலும் ஏதும் பிழை செய்திருந்தால்.

“நீங்க எனக்கு என்ன பிழை செஞ்சீங்க?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “இரிந்தாச் சொல்லுங்க காக்கா. கேட்டுட்டுப் பொருந்துறன்” என்றார்.

மனைவி பக்கத்தில் இருந்து உடுப்பை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். போனுக்குள் தூரத்தில் யாரோ ஒரு பெண் அரபியில் எதற்கோ சத்தம் போட்டுக் கூப்பிடுவது கேட்டது. சாச்சி போகாமல் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

“தனியா ஒண்டும் இல்ல தங்கச்சி” என்றேன். “எல்லாரிட்டயும் கேக்கிறதுதானே.”

“அப்பிடியெண்டாப் பொருந்திட்டன். முழுசாப் பொருந்திட்டன் காக்கா. அங்க போய் என்ட புள்ளைக்கு துஆ கேளுங்க.”

போனை வைத்தேன். கொப்பியில் அவருடைய பெயருக்கு நேரே சரி என்று அடையாளம் போட்டேன்.

“முடிஞ்சுதா?” என்று மனைவி கேட்டாள்.

“ஓம்” என்றேன். “எல்லாரும் பொருந்திட்டாங்க.”